கலரிங் புக்கை எடுத்து வச்சிட்டு, அந்த அம்மா கேட்ட கேள்வியைப் புடிங்க

கேள்வி: மேடம், நான் திருநெல்வேலிப் பொண்ணு, இப்போ அட்லாண்டாவுல ஒரு சின்ன கம்யூனிட்டி க்ளினிக்ல நர்ஸா இருக்கேன். எங்க கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசி கறுப்பினப் பெண்கள், நாப்பது அம்பது வயசுக்காரங்க, பிபி, சுகர், ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைக் கட்டி), தூக்கமே வரலங்கற பிரச்சனை. மேனேஜர் சொன்னாங்கன்னு இவங்களுக்காக ஒரு செல்ஃப் கேர் ஆர்ட் குரூப் ஆரம்பிச்சேன். கலரிங் புக், மண்டலா ஷீட் (வட்ட டிசைன் அச்சடிச்ச தாள்), கலர் பென்சில் எல்லாம் வாங்கி வச்சேன். முதல் வாரம் ரூம் நிறைஞ்சுது, இப்போ மூணு பேர்தான் வர்றாங்க. வர்றத நிறுத்துன ஒரு அம்மா கடைசியா என் கையைப் புடிச்சு, "ஹனி, வீட்ல எல்லாரையும் நான்தான் பாத்துக்கறேன், இப்போ என்னையும் நானேதான் பாத்துக்கணுமா?"ன்னு கேட்டாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல. கலை நிஜமாவே உடம்புக்கு ஏதாவது செய்யுமா? கோலம் சொல்லிக் கொடுக்கலாமா? நான் அவங்க இனம் கிடையாது, இத நான் நடத்தலாமா?

பதில்: வணக்கம்மா. நான் ஆர்ட் தெரபிஸ்டா, அதாவது கலை மூலமா மனசுக்கு சிகிச்சை குடுக்கறவளா, இந்த நாட்டுல ரொம்ப வருஷமா வேலை பாக்கறேன், ஒரு குரூப் ஏன் கலையுதுன்னு அங்க வந்தவங்களே இவ்வளவு தெளிவா சொல்றது அபூர்வம், அந்த அம்மா உங்களை நம்பினதாலதான் சொல்லியிருக்காங்க. அதனால முதல்ல அந்தக் கேள்விக்கே போயிடுவோம்.

"உன்னை நீ பாத்துக்கோ"ன்னு சொல்றது அவங்க காதுல இன்னொரு வேலையாத்தான் விழும். காலைல பேரனை ஸ்கூல்ல விட்டு, பகல்ல ஒரு வேலை, ராத்திரி அம்மாவுக்கு மாத்திரை, ஞாயித்துக்கிழமை சர்ச் கிச்சன், இது எல்லாத்துக்கும் மேல வியாழக்கிழமை சாயங்காலம் வந்து பூவுக்கு கலர் அடி, உனக்கு பிபி குறையணும்னு சொன்னா யாருக்குமே மனசு வராது. நார்த் கரோலினாவுல நர்ஸிங் ஆராய்ச்சியாளரா இருக்கற செரில் வுட்ஸ் கிஸ்கோம்பே, 2010ல இதப் பத்தி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினாங்க. கறுப்பினப் பெண்கள் கிட்ட குரூப் குரூப்பா உக்காந்து பேசி, எப்பவும் தெம்பா தெரியணும், உணர்ச்சிய வெளிய காட்டக் கூடாது, யாரையும் சார்ந்து நிக்கக் கூடாது, கையில ஒண்ணும் இல்லாட்டியும் ஜெயிச்சே ஆகணும், தனக்கு முன்னாடி மத்தவங்களப் பாக்கணும்னு அஞ்சு கட்டாயங்கள எழுதி வச்சாங்க. இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் என்னன்னா, இந்த தெம்புதான் எங்க குடும்பத்தையும் எங்க ஜனத்தையும் காப்பாத்துச்சுன்னும் அந்தப் பெண்கள் சொன்னத அவங்க விட்டுடாம எழுதினதுதான். அதனால நீங்க போயி "இனிமே ஸ்ட்ராங்கா இருக்காதீங்க"ன்னு அட்வைஸ் பண்ணாதீங்க, அத அவங்க ஒரு அவமானமா எடுத்துக்குவாங்க, எடுத்துக்கறதுல நியாயமும் இருக்கு.

இன்னொண்ணு, நர்ஸா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். ஆர்லின் ஜெரோனிமஸ்னு மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1992லயே சொன்னாங்க, இனப் பாகுபாட்டையும் பணக் கஷ்டத்தையும் வருஷக்கணக்கா தாங்கித் தாங்கி உடம்பு வயசுக்கு முன்னாடியே தேய்ஞ்சு போகுதுன்னு. கணக்கப் பாருங்க, 2023ல அமெரிக்காவுல 1 லட்சம் பிரசவத்துக்கு வெள்ளைக்காரப் பெண்கள்ல 14.5 பேர் இறந்தாங்க, கறுப்பினப் பெண்கள்ல 50.3 பேர். மார்புப் புற்றுநோய் இவங்களுக்கு வர்றது வெள்ளைக்காரப் பெண்கள விட கொஞ்சம் கம்மிதான், ஆனா அதுல சாகறது கிட்டத்தட்ட 40 சதவீதம் அதிகம். ஃபைப்ராய்டு, 50 வயசுக்குள்ள 80 சதவீதத்துக்கு மேல வந்துடுது. இதெல்லாம் இவங்க தன்னைப் பாத்துக்காததால வந்ததில்ல. டாக்டர் காது குடுத்துக் கேக்காதது, இன்ஷூரன்ஸ், வாடகை, ஷிஃப்ட்டுன்னு வெளியில இருந்து வர்றதுதான் இதுல பெரும்பங்கு. கலைய மருந்து மாதிரி நீட்டினா, தப்பு உன் பக்கம்தான்னு சொல்லாம சொல்ற மாதிரி ஆயிடும். அந்த அம்மாவுக்கு உறுத்தினது இதுதான்னு நான் நினைக்கறேன்.

அப்போ கலையால ஒண்ணும் ஆகாதான்னா, ஆகும், ஆனா அளவோட சொல்லணும். ட்ரெக்ஸெல் பல்கலைக்கழகத்துல 2016ல வந்த ஒரு ஆய்வுல 39 பேர 45 நிமிஷம் களிமண், மார்க்கர், கொலாஜ் (படங்கள வெட்டி ஒட்டறது)னு புடிச்சத பண்ண விட்டு முன்னாடியும் பின்னாடியும் எச்சில்ல கார்ட்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பாத்தாங்க, முக்கால்வாசிப் பேருக்கு குறைஞ்சிருந்தது, அதுவும் முன்ன வரைஞ்சு பழக்கம் இருக்கறவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. நல்ல சேதிதான். ஆனா அது ஒரே ஒரு தடவை 45 நிமிஷம் பாத்தது, கால்வாசிப் பேருக்கு குறையவும் இல்ல, இத வச்சு பிபி மாத்திரைய குறைக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல 3000க்கு மேல ஆய்வுகளத் திரட்டி கலையும் ஆரோக்கியமும் பத்தி ஒரு அறிக்கை போட்டாங்க, மேனேஜர் ஆதாரம் கேட்டா அத எடுத்துக் காட்டுங்க. என் அனுபவத்துல கலை உறுதியா செய்யற விஷயம் வேற ஒண்ணு. கை ஒரு வேலைல இருக்கும்போது, எதிர்ல இருக்கறவங்க கண்ணப் பாக்காம, தெம்பானவளா நடிக்காம, ஒரு பொம்பளையால வாயத் தொறந்து உண்மையச் சொல்ல முடியுது. அத இன்னொருத்தி கேட்டு "எனக்கும்தான்"னு சொல்றா. அந்த அம்மா கேள்விக்கு பதில் இதுதான்: இல்லம்மா, நீங்களே பாத்துக்க வேணாம், ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கலாம், அதுக்கு ரூம் போட்டுத் தர்றது எங்க வேலை.

இது நான் கண்டுபுடிச்சது இல்ல, உங்க ஊர்லயே நடந்த கதை. பில்லி ஏவரின்னு ஒருத்தங்க. 1970ல அவங்க புருஷன் 33 வயசுலயே ஹார்ட் அட்டாக்ல போயிட்டார், அதுக்கப்புறம்தான் ஆரோக்கிய வேலைக்கே வந்தாங்க. 1983 ஜூன்ல அட்லாண்டா ஸ்பெல்மன் காலேஜ்ல கறுப்பினப் பெண்களோட உடல்நலத்துக்குன்னே முதல் தேசிய மாநாடு கூட்டினாங்க, கிட்டத்தட்ட 2000 பேர் வந்தாங்க. அங்க லில்லி ஆலன் நடத்தின ஒரு பட்டறைதான் பெரிய விஷயமாச்சு, கறுப்பாவும் பெண்ணாவும் இருக்கறதோட நிஜம் என்னன்னு கேட்டு பெண்கள பேச வைச்ச பட்டறை. அதுல இருந்து ஊர் ஊருக்கு சின்னச் சின்ன குழுக்கள், யாரோ வீட்டு ஹால்லயும் சர்ச் பேஸ்மெண்ட்லயும் உக்காந்து பேசற குழுக்கள் பரவுச்சு. உங்க குரூப்புக்கு வர்றவங்கள்ல வயசான யாராவது அந்த மாநாட்டுக்குப் போயிருந்தாலும் ஆச்சரியமில்ல, கேட்டுப் பாருங்க.

இப்போ மண்டலா ஷீட் விஷயம். அதுல தப்பில்ல, ஆனா யாரோ போட்ட கோட்டுக்குள்ள கலர் அடிக்கறதுல சொல்றதுக்கு எதுவுமே கிடையாது. நீங்க வாங்கின பென்சில் பெட்டியத் தொறந்து பாருங்க, பிரவுன் எத்தனை இருக்கு? ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். அந்தப் பெட்டிய வச்சுக்கிட்டு அவங்க தன் முகத்தையோ தன் அம்மா முகத்தையோ வரையணும்னா எப்படி வரைவாங்க? தோல் நிறங்களுக்குன்னே தனி செட் கிடைக்குது, முதல்ல அத வாங்குங்க. கொலாஜ் பண்றதா இருந்தா க்ளினிக் வெய்ட்டிங் ரூம்ல கிடக்கற பத்திரிகைய வெட்டக் குடுக்காதீங்க, எபனி, ஜெட், எஸன்ஸ்னு கறுப்பின மக்களுக்காகவே வந்த பத்திரிகைகளோட பழைய இதழ்கள் சர்ச் லைப்ரரியிலயோ யார் வீட்டு பரண்லயோ அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியா இருக்கும், எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அட்டையப் பாத்த உடனே "இந்த ஹேர்ஸ்டைல்தான் எங்கம்மா வச்சிருந்தாங்க"ன்னு பேச்சு தானா ஆரம்பிக்கும், வெட்டி ஒட்டறது அப்புறம்.

ஆனா என்னைக் கேட்டா துணியில இருந்து ஆரம்பிங்க. அலபாமாவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர், ஆத்து வளைவுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி தனியா இருக்கற ஊர், பருத்தித் தோட்டத்துல அடிமைகளா இருந்தவங்களோட வம்சம். அந்தப் பெண்கள் தைச்ச க்வில்ட்டுங்க, அதாவது ஒட்டுத்துணிப் போர்வைங்க, 2002ல ஹூஸ்டன் மியூசியம், நியூயார்க் விட்னி மியூசியம்னு சுவத்துல ஏறுச்சு, 2006ல போஸ்டல் ஸ்டாம்ப்லயும் வந்துச்சு. அந்த க்வில்ட்டுங்கள்ல ஒண்ணு மிஸ்ஸூரி பெட்வே தைச்சது, 1942ல. புருஷன் செத்துப் போயிட்டார், அவரோட வேலைத் துணிகள், வயக்காட்டுல முட்டி தேய்ஞ்ச பேண்ட்டு, வெளுத்த சட்டை, அத பிரிச்சு நீளநீளமா வெட்டி இணைச்சு ஒரு போர்வை ஆக்கிட்டாங்க. அவர நினைச்சுக்கறதுக்கும், பிரியத்தோட அதுக்குள்ள போத்திப் படுத்துக்கறதுக்கும்தான்னு அம்மா அப்போ சொன்னத மக அர்லோன்ஸியா பின்னாடி சொல்லியிருக்காங்க. எல்லாம் உழைச்சு உழைச்சு வெளுத்த துணி. துக்கத்துக்கு என்ன பண்றதுன்னு அந்த அம்மாவுக்கு எந்த க்ளினிக்கும் சொல்லித் தரல, அவங்க கைக்கே தெரிஞ்சிருந்தது. உங்க குரூப்ல ஆளுக்கு ஒரு பழைய துணி, தூக்கிப் போட மனசு வராத துணி ஒண்ணு எடுத்துட்டு வாங்கன்னு மட்டும் சொல்லிப் பாருங்க. கத்திரிக்கோல், பெரிய கண் ஊசி, நூல், நல்ல வெளிச்சம், இவ்வளவு போதும். யாருக்காவது வெட்ட மனசு வரலன்னா வெட்ட வேணாம், மடியில வச்சுக்கிட்டு உக்காரட்டும்.

உடம்பப் பத்தியே க்வில்ட் பண்ணினவங்களும் இருக்காங்க. ஹார்லம்ல பொறந்த ஃபெய்த் ரிங்கோல்ட், 2024ல 93 வயசுல காலமானாங்க, அவங்க தன் அம்மா கூட சேர்ந்து 1980ல முதல் க்வில்ட் தைச்சாங்க, 1986ல தான் 100 பவுண்டுக்கு மேல எடை குறைச்ச கதையையே தன் சின்ன வயசு போட்டோ, எழுத்து எல்லாம் சேத்து ஒரு க்வில்ட்டா பண்ணி அத வச்சு மேடையிலயும் நடிச்சாங்க. எப்போ ஏன் சாப்பிட்டேன், யாருக்காக சாப்பிட்டேன்னு ஒரு பொம்பளை தன் வாயால தன் உடம்போட கதையச் சொல்றதுக்கும் டயட் சார்ட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

துணி மட்டும்தான்னு இல்ல. சர்ச் க்வயர்ல பாடறவங்க உங்க ரூம்ல ரெண்டு பேராவது இருப்பாங்க, தலை பின்னத் தெரிஞ்சவங்க இருப்பாங்க, பின்னல் போடறதும் கலைதான், ஒருத்தி தலைய இன்னொருத்தி மணிக்கணக்கா பொறுமையா தொடறது எவ்வளவு பெரிய ஆறுதல். யாருக்கு என்ன வரும்னு கேட்டு அவங்களையே நடத்தச் சொல்லுங்க, நடத்தறவங்களுக்கு காசு குடுங்க. இத நான் அழுத்திச் சொல்றேன், கறுப்பினப் பெண்கள் கிட்ட இருந்து இந்த நாடு இலவசமா வாங்கின உழைப்பு போதும்.

நீங்க கூப்பிடற ரூம் க்ளினிக்குக்குள்ளயா இருக்கு? முடிஞ்சா மாத்துங்க. உங்க ஊர்ல இருந்து கார்ல ரெண்டரை மணி நேரம் போனா மாண்ட்கொமரி, அங்க 1840கள்ல ஜே. மேரியன் சிம்ஸ்னு ஒரு டாக்டர் அனார்ச்சா, பெட்ஸி, லூசி, இன்னும் பேர் தெரியாத அடிமைப் பெண்கள் மேல மயக்க மருந்தே இல்லாம ஆபரேஷன் பண்ணிப் பழகினார், அனார்ச்சாவுக்கு மட்டும் 30 தடவை. அவரத்தான் மகளிர் மருத்துவத்தோட தந்தைன்னு ரொம்ப நாள் கொண்டாடினாங்க, நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல இருந்த அவர் சிலைய எடுத்ததே 2018லதான். 2021ல மிஷேல் பிரௌடர்னு ஒரு கறுப்பினக் கலைஞர், வேண்டாம்னு தூக்கிப் போட்ட உலோகச் சாமான்களச் சேத்து வெல்டு பண்ணி அந்த மூணு பெண்களுக்கும் அதே மாண்ட்கொமரியில ஆளுயரத்த விட ரொம்பப் பெருசா சிலை வச்சாங்க. அனார்ச்சா வயித்துல கர்ப்பப்பை இருக்க வேண்டிய எடம் வெறுமையா இருக்கும். ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே இவங்க ஏன் தோள இறுக்கிக்கறாங்கன்னு புரிஞ்சுக்க இத நீங்க ஒரு லீவு நாள்ல போய்ப் பாத்துட்டு வாங்க, குரூப்பக் கூட்டிட்டுப் போறதா இருந்தா அவங்களா கேட்டா மட்டும் போங்க. குரூப்ப லைப்ரரியிலயோ சர்ச் ஹால்லயோ வச்சா பாதி இறுக்கம் வாசல்லயே கழண்டுடும்.

பேச ஆரம்பிச்சா கனமான விஷயங்கள் வரும், அதுக்கு நீங்க தயாரா இருக்கணும். சான் பிரான்சிஸ்கோவுல ரொடெஸா ஜோன்ஸ் 1989ல ஜெயில்ல இருக்கற பெண்களோட நாடகம் போட ஆரம்பிச்சாங்க, பின்னாடி அங்க ஒரு எச்ஐவி க்ளினிக் கூட சேர்ந்து, தனக்கு எச்ஐவி இருக்கறத வீட்ல கூட சொல்லாம வச்சிருந்த பெண்கள் தன் கதைய தானே எழுதி மேடையில சொல்ற அளவுக்கு கொண்டு வந்தாங்க. அந்த மாதிரி வேலைக்கு பயிற்சி பெற்ற ஆளும், மாசக்கணக்குல நேரமும், பின்னாடி நின்னு தாங்கற க்ளினிக்கும் வேணும். நீங்க அந்த ஆழத்துக்கு தனியா போகாதீங்க. யாரு வேணா எப்ப வேணா "இன்னிக்கு நான் பேசல"ன்னு சொல்லலாம்ங்கறத முதல் நாளே சொல்லிடுங்க. படத்தப் பாத்து "இந்தக் கறுப்புக் கலர் உங்க சோகமா?"ன்னு அர்த்தம் கண்டுபுடிக்கவே கூடாது, அது நானே பண்றதில்ல. யாராவது உடைஞ்சு அழுதா பக்கத்துல உக்காருங்க, க்ளினிக் சோஷியல் வொர்க்கர் நம்பர் கையில இருக்கட்டும், உயிர விடணும்ங்கற பேச்சு வந்தா 988ங்கற உதவி எண்ணுக்கு அவங்க கூடவே இருந்து கூப்பிடுங்க. முறையான தெரபி தேவைப்படறவங்களுக்கு கறுப்பின தெரபிஸ்ட் வேணும்னா, அட்லாண்டாவுல சைக்காலஜிஸ்ட்டா இருக்கற ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்டு 2014ல ஆரம்பிச்ச தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்ல தெரபிஸ்ட் பட்டியலே இருக்கு.

க்ளினிக் நியூஸ்லெட்டருக்கு போட்டோ எடுக்கச் சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. உங்க ஜார்ஜியா ஸ்டேட்லயே, ஏதென்ஸ் பக்கம், ஹேரியட் பவர்ஸ்னு ஒருத்தங்க, 1837ல அடிமையா பொறந்தவங்க, 1886 வாக்குல பைபிள் கதைகள வச்சு ஒரு க்வில்ட் தைச்சாங்க. ஒரு வெள்ளைக்கார டீச்சர் பாத்துட்டு விலைக்குக் கேட்டாங்க, மாட்டேன்னுட்டாங்க. சில வருஷம் கழிச்சு கஷ்ட காலம், வேற வழியில்லாம 10 டாலர் கேட்டு கடைசியில 5 டாலருக்கு குடுத்தாங்க. குடுத்துட்டு அந்த வீட்டுக்கு பல தடவை போய் தான் தைச்சதப் பாத்துட்டு வந்திருக்காங்க. அது இப்போ வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் மியூசியத்துல இருக்கு. உங்க குரூப்ல பண்றது எதுவா இருந்தாலும் பண்ணினவங்களுக்குச் சொந்தம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும், போட்டோவும் வேணாம், க்ளினிக் சுவத்துல மாட்டறதும் அவங்களா கேட்டாத்தான். மேனேஜர் கிட்ட இத நீங்க உறுதியா நின்னு சொல்லணும்.

சில நாள் யாரும் எதுவும் பண்ண மாட்டாங்க, சேர்ல சாஞ்சு கண்ண மூடிக்குவாங்க. விடுங்க. உங்க அட்லாண்டாவுலயே ட்ரிஷியா ஹெர்ஸீன்னு ஒரு கலைஞர் 2016ல ஜனங்கள கூட்டி வச்சு சேர்ந்து தூங்கறதையே கலையா நடத்த ஆரம்பிச்சாங்க, கறுப்பின உடம்பு ஓய்வெடுக்கறது ஒரு உரிமைன்னு சொல்லி. தூக்கம் வரலன்னு உங்க கிட்ட வர்றவங்க உங்க ரூம்ல அரை மணி நேரம் கண்ணசந்தா, அத நல்ல நாளா எடுத்துக்கோங்க.

உங்க தகுதி பத்திக் கேட்டீங்க. கலைய நடத்தறதுக்கு உள்ளூர்ல ஒரு கறுப்பினக் கலைஞரையோ ஆர்ட் தெரபிஸ்ட்டையோ தேடிப் புடிங்க, அது அவங்க எடம். உங்க எடம் வேற, அதுவும் சின்ன எடம் இல்ல. நாற்காலி போடறது, சூடா சாப்பாடு, குழந்தைங்கள பாத்துக்க ஒரு ஆள், பஸ் காசு, இதெல்லாம் நீங்க பாருங்க. ஒரு மூலையில பிபி மெஷின் வைங்க, வேணும்ங்கறவங்களுக்கு மட்டும், அஞ்சு நிமிஷம் அமைதியா உக்கார வச்சு, பேசாம, கை அளவுக்கு ஏத்த கஃப் (கையில சுத்தற பட்டை) போட்டு பாருங்க, சின்ன கஃப் போட்டா பிபி கூடுதலா காட்டும்னு உங்களுக்குத் தெரியும், பெரிய கஃப் க்ளினிக்ல இல்லாம எத்தனை பேருக்கு தப்பா எழுதியிருக்காங்களோ. அந்த நம்பர குரூப் வெற்றியா தோல்வியான்னு பாக்கறதுக்கு எடுக்காதீங்க. தைச்சுக்கிட்டே ஒருத்தங்க "மூணு வாரமா ரத்தம் நிக்கல, டாக்டர் நார்மல்னுட்டார்"ன்னு சொன்னா, பிரசவம் ஆகி சில மாசமே ஆன பொண்ணு தலை பொளக்குது, கண்ணு மங்குதுன்னு சொன்னா, அங்கதான் நீங்க வேணும். பேச்சோட பேச்சா விட்டுடாம, அவங்க சம்மதத்தோட அன்னிக்கே டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போய், அவர் எழுதற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க. இத எந்தக் கலைஞராலயும் பண்ண முடியாது.

கோலம், தாராளமா போடுங்க, ஆனா பாடமா வேணாம். ஒரு நாள் அவங்கள்ல யாராவது "உங்க ஊர்ல உங்கம்மா என்ன பண்ணுவாங்க?"ன்னு கேப்பாங்க, அன்னிக்கு புள்ளி வச்சுக் காட்டுங்க. அது வரைக்கும் நீங்களும் ஒரு பழைய துணி எடுத்துட்டுப் போய் அவங்க கூட உக்காந்து தைங்க, பக்கத்துல இருக்கறவங்க உங்க தையலத் திருத்தட்டும்.

இந்த வாரம் பண்ண வேண்டியது, இன்னும் வந்துக்கிட்டு இருக்கற அந்த மூணு பேர் கிட்ட எந்த நாள், எந்த எடம், என்ன பண்ணலாம்னு கேளுங்க. அப்புறம் அந்த அம்மாவுக்கு நீங்களே ஃபோன் பண்ணுங்க, குரூப்புக்கு வாங்கன்னு சொல்றதுக்கு இல்ல, நீங்க கேட்டது சரியான கேள்வி, அத வச்சு நாங்க மாத்தப் போறோம், எப்படி இருந்தா உங்களுக்கு வரணும்னு தோணும்னு கேக்கறதுக்கு. மேனேஜர் கிட்ட நடத்தறவங்க சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் பஸ் காசுக்கும் பணம் கேட்டு எழுதுங்க, தயங்கினா இந்த பதிலையே மொழிபெயர்த்து காட்டுங்க, எழுதறதுக்கு உதவி வேணும்னா திரும்ப எனக்கு எழுதுங்க.